இசில்டாவின் கைமணி

மேடையில் மணி அடித்தது தவறா, பிறகு அடிக்காமல் விட்டது தவறா என்று அந்த வருஷம் எங்கள் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டு நாடகத்துக்கு மேடை நிர்வாகியாக இருந்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் இசில்டா பாட்டிங்கரைப் பற்றி. கிளாரண்டன் மலைப்பக்கத்துக்காரி. அறுவடைத் திருநாளில் அவள் தேவாலயத்தில் பாடியதைக் கேட்டுவிட்டு, ஒரு போதகரின் மனைவி அவளைக் கிங்ஸ்டனுக்கு அழைத்து வந்தார். பாட்டுச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லி அழைத்து வந்து துணி துவைக்க வைத்தார். இசில்டா அங்கிருந்து கிளம்பி, பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தாள். தங்கை வின்னெட்டையும் ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டாள். இருவரும் ஸ்டார் ஆப்பிள் சந்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அறை பிடித்தார்கள். வின்னெட் சந்தையில் சேனையும் மாங்காயும் விற்றாள். இசில்டா பகலில் தைத்தாள், சாயங்காலம் எங்கள் குழுவுக்கு வந்தாள்.

எங்கள் குழுவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாள் ஒரு புதுப் பாட்டு நாடகம் தொடங்கும். கூட்டம் இருக்கும்வரை ஓடும். பெரும்பாலும் மே மாதம்வரை வரும். நடிப்பவர்கள் யாரும் அதை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. பகலில் ஆசிரியர், தாதி, வங்கி எழுத்தர் என்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. இசில்டா கோரஸில் சேர்ந்தாள். ஒரு வருஷம் சந்தைக்காரி, ஒரு வருஷம் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தி, ஒரு வருஷம் ஆற்றங்கரைப் பேய். ஒரு வருஷம் முழுக்கக் கழுதையின் பின்பாதி. முன்பாதியாக இருந்தவன் அடிக்கடி ரம் போட்டுவிட்டு வருவான். அவனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகவேண்டும்.

"முன்னாடி நிக்கறவனுக்கு வழி தெரியல, பின்னாடி நிக்கறவளுக்கு வெளிச்சம் இல்ல. நம்ம நாடு மாதிரியே இருக்கு மிஸ்டர் கிளூனிஸ்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொல்லுவாள்.

அவள் குரல் எப்படிப்பட்டது என்று எங்கள் இயக்குநர் மிஸஸ் டகோஸ்டாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அவளைக் கோரஸில் கதாநாயகிக்கு நேர் பின்னால் நிறுத்துவார். கதாநாயகிகள் மேட்டுத் தெருப் பெண்கள். நல்ல நிறம், நல்ல பல்வரிசை. உச்ச ஸ்வரம் வரும் இடத்தில் அவர்கள் வாயைத் திறப்பார்கள், குரல் பின்னாலிருந்து வரும். பதினாலு வருஷம் அப்படித்தான் போயிற்று. மறுநாள் பத்திரிகையில் கதாநாயகியின் குரல்வளத்தைப் பாராட்டி எழுதுவார்கள். இசில்டா அதைப் படித்துவிட்டு, "பரவாயில்ல, நேத்து நான் நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்பாள்.

அந்த வருஷம் ஒத்திகை பாதி நடந்திருக்கும்போது கதாநாயகி டொரான்டோவுக்குக் குடிபோய்விட்டாள். அப்போது வசதியுள்ளவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்த காலம். விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எங்கள் பழைய கதாநாயகிகள் எல்லாரையும் வழியனுப்பிவிட்டு வரலாம். வேறு ஆள் தேட நேரமில்லை. பாட்டு முழுவதும் தெரிந்தவள் இசில்டா ஒருத்திதான். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு டீச்சர் பப்ஸி வேஷம் கிடைத்தது.

கதை எளிது. ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகளை ஒரு ஆற்றுப் பேய் ஆடாகவும் கோழியாகவும் மாற்றிவிடுகிறது. டீச்சர் பப்ஸி கைமணியை ஆட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடிப் பாடுவாள். மணிச்சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாகப் பிள்ளையாக மாறும். மலைப்பக்கத்துப் பள்ளிகளில் படித்த எல்லாருக்கும் அந்தக் கைமணி தெரியும். எழுதியவர் வேறு எதையும் நினைத்து எழுதவில்லை.

முதல் நாள் வின்னெட் சந்தைத் தோழிகள் ஒரு வரிசையையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மணிப்பாட்டு முடிந்ததும் தியேட்டர் எழுந்து நின்றது. வின்னெட் நாற்காலிமேல் ஏறி, "அது எங்க அக்காடீ! பின்னாடி இல்ல, முன்னாடி நிக்கறா பாருங்கடீ!" என்று கத்தினாள். மேடையில் இசில்டா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் திரைக்கு ஓரத்திலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு மணிப்பாட்டு ரேடியோவிலும் வந்தது, ஸ்டார் ஆப்பிள் சந்தில் அவள் பெயர் டீச்சர் ஆகிவிட்டது. அரிசியும் சோப்பும் கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்ற நாட்கள். வரிசையில் அவளைக் கண்டால் முன்னால் விட்டார்கள். அந்தச் சந்தில் எது நடந்தாலும் பிஷப் என்பவனுக்குத் தெரிந்துதான் நடக்கும். எப்போதும் கறுப்புத் தொப்பி போட்டிருப்பான், சத்தம் போட்டுப் பேசமாட்டான். அதனால் அந்தப் பெயர். நாடகம் முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் தனியாக நடந்து வரக்கூடாது என்று சொல்லி, தினமும் இரண்டு ஆட்களை அனுப்பினான். "நம்ம சந்துப் பொம்பள ரேடியோவுல பாடறா. அவ மேல ஒரு கல்லுகூடப் படக்கூடாது" என்றானாம்.

பிப்ரவரி தொடக்கத்தில், இந்த வருஷமே தேர்தல் என்று பிரதமர் அறிவித்தார்.

மணி ஒரு கட்சியின் சின்னம். இன்னொரு கட்சிக்கு மனிதத் தலை சின்னம். இது கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். டிசம்பரில் அது வெறும் பள்ளிக்கூட மணியாக இருந்தது. அறிவிப்புக்கு அடுத்த சனிக்கிழமை இசில்டா மணியை உயர்த்தியதும், தியேட்டரின் ஒரு பாதி எழுந்து கூச்சல் போட்டது, மணிக் கட்சியின் அடையாளமாக இரண்டு விரல் காட்டியது. மற்றப் பாதி வெறுப்போடு பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி 'ச்ச்ச்' கொட்டியது. யாரோ ஒரு சோடா பாட்டிலை உருட்டிவிட்டார்கள். அது படிப்படியாக இறங்கி மேடைக்குக் கீழே வந்து நின்றது. இசில்டா பாட்டை நிறுத்தவில்லை. உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா?"

"இல்ல. டிசம்பர்ல செஞ்சதைத்தான் செஞ்சீங்க."

"அப்ப அவங்கதான் வேற நாடகம் பார்த்துட்டுப் போறாங்க" என்றாள்.

ஸ்டார் ஆப்பிள் சந்து தலைக்காரர்களின் சந்து. மறுநாள் ஞாயிறு மத்தியானம், தைக்கவேண்டிய துணிகளைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். வின்னெட் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான வளவில் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தாள். பிஷப் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மிஸ் சில்டா, நேத்து நாடகம் எப்படி?"

"நல்லா போச்சு பிஷப்."

"நல்லா போச்சுன்னுதான் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்துக்காரங்க எழுந்து நின்னு கை தட்டினாங்களாமே."

"மேடையில நின்னா விளக்கு கண்ணுல அடிக்கும். யாரு எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம் டீச்சர். எனக்குத் தெரிஞ்சா போதும். நம்ம பசங்க கேக்கறாங்க. நாம தினமும் பத்திரமா வீட்டுல கொண்டுவந்து விடற பொம்பள, அவங்களுக்கு மணி அடிக்கறாளேன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

வின்னெட் சீமைப்பலாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "ஏன்டா, மூக்குல சளி ஒழுக என் கூடையில மாங்கா திருடித் தின்னவன்தானே நீ? எங்க வாசல்ல நின்னு எங்க அக்காவுக்குப் பாடம் எடுக்கறியா?"

பிஷப் சிரித்தான். "அதனாலதான் மிஸ் வின்னி, நேர்ல வந்து சொல்றேன். மத்தவங்க வீட்டுக்கு நான் சொல்ல வர்றதில்ல."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு சீமைப்பலாவை ஊதி ஊதித் தின்றுகொண்டே போனான்.

இசில்டா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மே மாசம் வரைக்கும் இந்த வேஷத்தை ஆடிடணும் மிஸ்டர் கிளூனிஸ். அதுக்கப்புறம் என்னைத் திரும்பக் கழுதைக்குள்ள போட்டாலும் சரி. அதுவரைக்கும் மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

திங்கட்கிழமை மிஸஸ் டகோஸ்டா குழு முழுவதையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மணியை எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுக்கலாம். நாளைக்குப் பேப்பர்ல என்ன எழுதுவான்? நாடகக்காரங்க பயந்துட்டாங்க, தலை பக்கம் சாய்ஞ்சுட்டாங்கன்னு எழுதுவான். அடிச்சா அவங்க ஆளு, அடிக்காட்டி இவங்க ஆளு. யாராவது இதுக்கு நடுவுல ஒரு இடம் காட்டுங்க, நான் போய் நிக்கறேன்" என்றார் அவர்.

ஆற்றுப் பேயாக நடிக்கும் ஆல்ட்டன் கையைத் தூக்கினான். "மணிக்குப் பதிலா சங்கு ஊதலாமே?"

"டீச்சர் எதுக்குய்யா மீன்காரன் மாதிரி சங்கு ஊதணும், மீன் விக்கவா?"

"அப்ப ஒண்ணுமே வேண்டாம். டீச்சர் சும்மா தலையை ஆட்டிக் கூப்பிடட்டும்."

"தலையையா!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். ஆல்ட்டன் தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு நடன ஆசிரியை எழுந்து, கைகளைப் பார்க்கவேண்டும் என்றார். உண்மைதான். முஷ்டியை உயர்த்தினால் தலைக் கட்சி, இரண்டு விரல் காட்டினால் மணிக் கட்சி. அன்று முழுக்க நடனத்தில் வரும் ஒவ்வொரு கையையும் சரிபார்த்தோம். கோழி கொத்துகிற இடத்தில் இரண்டு விரல் வந்தது, மூன்றாக்கினோம். உரலில் குத்துகிற இடத்தில் முஷ்டி வந்தது. அந்த இடத்தையே எடுத்தோம். கடைசியில் கோரஸ் மொத்தமும் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி ஆடியது. தண்டனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது.

மணிப்பாட்டுக்கு இசில்டாவே வழி சொன்னாள். "மணி வேண்டாம். மணி அடிக்கிற இடத்துல நான் குரலைத் தூக்கறேன். இத்தனை வருஷமா மத்தவங்களுக்குத் தூக்கினேனே, அந்த ஸ்வரத்தை."

செய்தாள். வெறுங்கையோடு மேடை நடுவில் நின்று, வாத்தியம் எல்லாம் நின்ற பிறகு, அந்த ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். முதல் நாள் சபை மூச்சுவிடவில்லை. எந்தப் பக்கத்துக்காரர்களும் சத்தம் போடவில்லை. எங்களுக்கு இரண்டு வாரம் நிம்மதி கிடைத்தது. பிஷப்பின் ஆட்கள் பஸ் நிறுத்தத்தில் வழக்கம்போல நின்றார்கள். மணியோடு பாடியதைவிட இது நன்றாயிருக்கிறது என்று மிஸஸ் டகோஸ்டா சொன்னார். வாயைத் திறந்து பாராட்டாதவர் அவர்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நடுவரிசைகள் மொத்தமாக விற்றுப்போயிருந்தன. வந்தவர்கள் ஆண்களும் பெண்களுமாக நல்ல உடுப்பில் வந்தார்கள், அமைதியாக உட்கார்ந்தார்கள், வேர்க்கடலை தின்றார்கள். இசில்டா வெறுங்கையோடு நடுவில் வந்து நின்று வாயைத் திறந்தாள். அந்த நொடியில் பைகளுக்குள்ளிருந்தும் பாவாடைக்குள்ளிருந்தும் மணிகளை எடுத்தார்கள். பள்ளிக்கூட மணி, மாட்டு மணி, ஐஸ் வண்டிக்காரன் மணி என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். தியேட்டரே மணியாகிவிட்டது. "உங்க வாயை மூடிட்டாங்க டீச்சர், உங்களுக்காக நாங்க அடிக்கறோம்!" என்று ஒருத்தி முன்னால் ஓடிவந்து கத்தினாள். ஓரத்து வரிசைகளிலிருந்து பாட்டில்கள் பறந்தன.

திரையை இறக்கட்டுமா என்று நான் கைகாட்டினேன். இசில்டா கூடாது என்று கண்ணால் சொன்னாள். அவள் அந்த ஸ்வரத்தைப் பாடிக்கொண்டுதான் இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது தெரிந்தது. பத்தடியில் நின்ற எனக்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் 'இசில்டாவின் மணி மீண்டும் ஒலித்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவள் கையில் மணியே இல்லை என்பது உள்ளே எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. அன்று பஸ் நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை. அவள் தனியாக நடந்தாள்.

புதன்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கான பகல் காட்சி. இடைவேளையில் தீயணைப்பு வண்டிகள் எங்கள் தெரு வழியாகப் போயின. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இசில்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கம் போகிறது என்று அவளும் எட்டிப் பார்த்தாள், பிறகு இரண்டாம் பாகத்தை ஆடி முடித்தாள். வெளியே வந்தபோது சந்தைக்காரி ஒருத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "மிஸ் சில்டா, உங்க வளவு மொத்தமும் போயிடுச்சு. வின்னியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்றாள்.

மற்றக் குடித்தனக்காரர்கள் காலையிலேயே பாத்திரம் பண்டத்தோடு வெளியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வின்னெட் சந்தையிலிருந்து ஓடிவந்து, அக்காவின் தையல் மெஷினை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். மெஷினை வாசல்வரை கொண்டுவந்துவிட்டாளாம். இரும்பு கொதித்தது தெரியாமல் பிடித்த இரண்டு கையும் வெந்துபோயின.

நெருப்பை யார் வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஸ்டவ் வெடித்திருக்கும் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பை ஆரஞ்சு வந்தது, பிஷப் அனுப்பியதாக. கொண்டுவந்தவன் பையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, "சந்துப்பக்கம் இனிமே வரவேண்டாம்னு சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான்" என்றான். வின்னெட் கட்டுப்போட்ட கையால் பையைத் தட்டிவிட்டாள். ஆரஞ்சுகள் வார்டு முழுக்க உருண்டன. மற்ற நோயாளிகள் பொறுக்கித் தின்றார்கள். பழம் கிடைக்காத காலம்.

இசில்டா உடைமாற்றும் அறையில் படுத்துக்கொண்டாள், தினமும் மேடை ஏறினாள். ஆஸ்பத்திரியில் வின்னெட்டை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள், கட்டில் போதவில்லை. என் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். "உங்க தெரு யாரு தெரு மிஸ்டர் கிளூனிஸ்?" என்று கேட்டாள். பிஷப்பின் ஆட்கள் வந்துபோகிற தெருதான். வாடகைக்கு அலைந்தாள். ஒரு பக்கம் போனால் ஸ்டார் ஆப்பிள்காரி, மறுபக்கம் போனால் மணிக்காரி. எங்கே போனாலும் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் மணிக் கட்சியிலிருந்து மிஸ்டர் ரட்டி என்பவர் தியேட்டருக்கு வந்தார். குண்டான, நல்ல சுபாவமுள்ள ஆள். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

"எங்களுக்காக நீங்க வீட்டை இழந்திருக்கீங்க டீச்சர். நாங்க சும்மா இருப்போமா?"

"உங்களுக்காக நான் எதையும் இழக்கல ஐயா. நான் உங்க ஆளே இல்ல. ஓட்டுக்கூட போட்டதில்ல."

"அது வெளிய யாருக்குத் தெரியும்? ஜனங்களுக்கு நீங்க எங்க டீச்சர். புதுக் குடியிருப்புல மூணாவது மாடியில ரெண்டு அறை இருக்கு. தண்ணி வரும். சாவியை இப்பவே தர்றேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரே ஒரு தடவை வண்டியில ஏறி அந்த மணியை அடிச்சு அந்தப் பாட்டைப் பாடுங்க. பேசக்கூட வேண்டாம்."

மிஸஸ் டகோஸ்டாவிடம் அவளே போய்ச் சொன்னாள், நானும் கூட இருந்தேன்.

"சில்டா, உன்னை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனா எந்தக் கட்சி மேடையில ஏறினாலும் என் மேடை கிடையாது. உன்னை வச்சுக்கிட்டா அடுத்தது இந்தத் தியேட்டரைக் கொளுத்துவாங்க. இங்க எழுபது பேரு சம்பந்தப்பட்டிருக்காங்க."

"நீங்க எனக்கு ஒரு அறை பார்த்துக் குடுங்களேன் மிஸஸ் டகோஸ்டா. உங்க பக்கத்துத் தெருவுல எங்கயாவது. வேலைக்காரங்க அறையா இருந்தாலும் சரி. நான் அப்படி ஒரு அறையிலதான் இந்த ஊருக்கு வந்து இறங்கினேன்."

பக்கத்துத் தெருவில் அவர் கேட்டுப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. நெருப்பைக் கூட்டிவருகிற பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இசில்டா தங்கைக்குச் சோளமாவுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வின்னெட் கரண்டியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"விடுடீ."

வின்னெட் விட்டாள். "போகாதே அக்கா. பதினாலு வருஷம் அடுத்தவளுக்குப் பின்னாடி நின்னு வாங்கின வேஷம். மே மாசம் வரைக்கும் ஆடு. நான் இங்க எங்கயாவது கிடக்கறேன்."

"எங்க கிடப்பே?"

"வராந்தாவுல."

"உன் கையால ஒரு குவளைத் தண்ணி எடுத்துக் குடிப்பியா? பாவாடை நாடாவை அவுப்பியா?"

"அப்ப பிஷப் ஜெயிச்சான்."

"யாரு ஜெயிச்சா எனக்கென்ன? வாயைத் தொற" என்று இசில்டா அடுத்த கரண்டியை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். யாராவது பார்த்தால் எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். ஆனாலும் போய், எல்லாருக்கும் பின்னால், ஒரு மூடிய மளிகைக் கடையின் வாசலில் நின்றேன். அவ்வளவு ஜனத்தை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. மரத்திலும் கூரையிலும் ஆட்கள் இருந்தார்கள். லாரியின்மேல் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடித்த பிறகு அவளை ஏற்றினார்கள். எங்கள் உடை எங்களிடம் இருந்தது. அவள் கிடைத்த துணியில் டீச்சர் பப்ஸி மாதிரியே ஒரு பாவாடை தைத்துப் போட்டிருந்தாள்.

ஜனங்கள் கத்தினார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. தாமதமாக வந்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அவர்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். எங்கள் மேடையில் இந்த இடத்தில் அவள் எப்போதும் அவசரப்படுவாள். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அவசரப்படவில்லை. கூச்சல் சிரிப்பாக மாறி, சிரிப்பும் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மணியை அடித்தாள். ஒருவன் மைக்கை வாயருகே கொண்டுவந்தான். அதைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பாடினாள்.

அவள் செய்த எல்லா வேஷத்தையும் நான் திரையோரத்தில் நின்று பார்த்தவன். அன்று பாடியதுதான் அவள் பாடியதிலேயே சிறந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருஷம் முடியறதுக்குள்ள நம்ம ஆட்சிதான்" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் தன் பொருட்களை எடுத்துப்போக வந்தாள். ஒப்பனைப் பெட்டி, செருப்பு, ஒரு துண்டு, தலையணை. பக்கத்து அறையில் மார்வா என்ற பெண் மணிப்பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மிஸஸ் டகோஸ்டா அவளுக்கு உச்ச ஸ்வரத்தை எடுத்துவிட்டுப் பாட்டைக் குறைத்துக் கொடுத்திருந்தார். பின்னால் நின்று பாட ஆள் இல்லை.

இசில்டா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க வந்திருந்தீங்கதானே?"

"வந்திருந்தேன்."

"எங்க நின்னீங்க?"

"கடைசியில. மளிகைக் கடை வாசல்ல."

"அங்க வரைக்கும் கேட்டுச்சா?"

"ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு."

அவள் தலையசைத்தாள். வேலை முடித்தவர்கள் அசைப்பதுபோல. முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததற்கு நான் வெட்கப்பட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. மிஸ்டர் ரட்டி முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், சீக்கிரம்! இன்னைக்கு ரெண்டு கூட்டம் இருக்கு."

"ஒரு தடவைன்னுதானே சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"சாவி குடுத்தாரு. அறைக்கு எழுதிக் குடுக்கறது தேர்தல் முடிஞ்சப்புறம்தானாம்."

தேர்தல் அக்டோபர் கடைசியில் வந்தது. எங்கள் நாடகம் எதுவும் அத்தனை மாதம் ஓடியதில்லை. அவள் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கம் போய், நின்றிருந்த ஆட்கள் நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே ஏறிக்கொண்டாள்.